போர்க்கப்பலுக்குப் பெயரான எம்.பி.: யார் இந்த கார்ல் வின்சன்?

2011 மே மாதம் ஒசாமா பின்லேடன் கொல்லப்பட்ட செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். அவரது உடல் ஒரு அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில் இருந்து கடலில் இறக்கப்பட்டது. அந்தக் கப்பலின் பெயர் யு.எஸ்.எஸ். கார்ல் வின்சன். அடுத்த வருஷமே, 2012-ல், அது நம்ம வங்காள விரிகுடாவுக்கு வந்து இந்தியக் கடற்படையோடு மலபார் பயிற்சியில் கலந்துகொண்டது. 2021-லும் வந்தது. செய்தியில் இந்தப் பெயரை நீங்கள் பலமுறை கடந்திருப்பீர்கள். யார் அந்த கார்ல் வின்சன் என்று யோசித்ததுண்டா?

அட்மிரலா? இல்லை. ஜனாதிபதியா? அதுவும் இல்லை. இந்தக் கப்பல் நிமிட்ஸ் வகையைச் சேர்ந்தது. அந்த வகையில் மொத்தம் 10 கப்பல்கள். ஒன்றுக்கு அட்மிரலின் பெயர், ஏழுக்கு அமெரிக்க ஜனாதிபதிகளின் பெயர். மீதி இரண்டுக்கு மட்டும் நாடாளுமன்ற உறுப்பினர்களின் பெயர். அதில் ஒருவர் வின்சன். ராணுவத்தில் ஒருநாள்கூடப் பணியாற்றாதவர். கடற்கரையில் இருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த ஒரு ஊர்க்காரர்.

அப்படிப்பட்டவர் பெயரை ஒரு போர்க்கப்பலுக்கு ஏன் வைத்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் இன்னொரு விஷயமும் புரிந்துவிடும். ஒரு நாட்டின் பாதுகாப்புச் செலவு ஒரு சின்ன ஊருக்குள் எப்படி நுழைகிறது, நுழைந்த பிறகு அந்த ஊரையும் அதன் எம்.பி.யையும் எப்படி மாற்றுகிறது என்பதுதான் அது.

ஐந்து ஓட்டில் தோற்றவர்

1883 நவம்பர் 18. அமெரிக்காவின் தென்மாநிலமான ஜார்ஜியாவில், மில்லெட்ஜ்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் வின்சன். மில்லெட்ஜ்வில் ஒருகாலத்தில் மாநிலத்தின் தலைநகர். உள்நாட்டுப் போருக்குப் பிறகு தலைநகர் அட்லான்டாவுக்குப் போய்விட்டது. பருத்தியை நம்பிய, பழைய பெருமையை அசைபோடும் ஊராக அது மிஞ்சியது.

மெர்சர் பல்கலைக்கழகத்தில் 1902-ல் சட்டம் முடித்தார். 1908-ல் மாநில சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1912-ல் மூன்றாவது முறை நின்றபோது வெறும் ஐந்து ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். பிறகு கொஞ்ச காலம் மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி வேலை.

1914-ல் ஜார்ஜியாவின் செனட்டர் ஒருவர் இறந்துபோனார். அந்த இடத்துக்கு வின்சனின் பகுதி எம்.பி. போட்டியிட, அவருடைய பிரதிநிதிகள் சபைத் தொகுதி காலியானது. பிரதிநிதிகள் சபை என்றால் நம்ம மக்களவை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலி இடத்தில் வின்சன் நின்றார், ஜெயித்தார். அப்போது அவர்தான் அவையிலேயே இளையவர். உள்ளே போனவர் 1965 ஜனவரி வரை வெளியே வரவே இல்லை. 50 வருஷத்துக்கும் மேல்.

அவர் தேர்ந்தெடுத்த துறை கடற்படை. தொகுதியில் கடலே கிடையாது, ஆனால் கடற்படை விவகாரக் குழுவில் போய் உட்கார்ந்தார். 1931-ல் அதன் தலைவரானார்.

குழுத் தலைவர் என்றால் அவ்வளவு பெரிய ஆளா?

இந்த இடத்தில் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் பாதுகாப்பு பட்ஜெட்டை அரசு தயாரிக்கிறது. நாடாளுமன்றத்தின் நிலைக்குழு அதைப் பார்த்துப் பரிந்துரை சொல்லலாம், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அமெரிக்காவில் அப்படியில்லை. எத்தனை கப்பல், எந்த விமானம், எங்கே தளம் என்பதற்கான அனுமதிச் சட்டத்தை எழுதுவதே குழுதான். பணத்தை ஒதுக்குவது இன்னொரு குழு. ஜனாதிபதி கேட்கலாம். கொடுப்பதும் கொடுக்காததும் அந்த அறைகளுக்குள் முடிவாகும்.

அந்தக் குழுவுக்குத் தலைவராவது எப்படி? அந்தக் காலத்தில் வழி ரொம்ப எளிது: சீனியாரிட்டி. பெரும்பான்மைக் கட்சியில் யார் அதிக வருஷம் தொடர்ந்து குழுவில் இருக்கிறாரோ அவர்தான் தலைவர். திறமையோ, கட்சியின் விருப்பமோ பெரிதாகக் கணக்கில் வராது. தோற்காமல் இருப்பவருக்குத்தான் பதவி.

யார் தோற்காமல் இருப்பார்? தென்மாநில எம்.பி. ஏனென்றால் அங்கே இருந்தது நடைமுறையில் ஒரே கட்சி, ஜனநாயகக் கட்சி. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் ஜெயித்தால் போதும், பொதுத்தேர்தல் வெறும் சடங்கு. அந்த உட்கட்சித் தேர்தலிலும் ஜார்ஜியாவில் வெள்ளையர்களுக்கு மட்டும்தான் இடம். 1940-களின் நடுவில் நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை அந்த முறை நீடித்தது. ஓட்டுப் போடத் தலைவரி கட்ட வேண்டும் என்ற விதியும் 1945 வரை இருந்தது.

அதாவது வின்சனின் அதிகாரத்துக்கு அடித்தளம், அவர் தொகுதியில் கணிசமான மக்கள் ஓட்டே போட முடியாமல் இருந்ததுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கே திரும்பி வருவோம்.

கப்பல் கட்டினால் வேலை வரும்

1930-களின் தொடக்கம். உலகப் பொருளாதாரம் சரிந்து கிடந்த நேரம். அமெரிக்காவில் கோடிக்கணக்கானோருக்கு வேலை இல்லை. 1922, 1930 ஆண்டுகளின் சர்வதேச ஒப்பந்தங்கள் ஒவ்வொரு நாடும் எவ்வளவு போர்க்கப்பல் வைத்திருக்கலாம் என்று வரம்பு போட்டிருந்தன. அந்த வரம்புக்குள் அனுமதிக்கப்பட்ட கப்பல்களைக்கூட அமெரிக்கா கட்டாமல் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஆயுதச் செலவு என்றாலே மக்களுக்கு எரிச்சல்.

1933-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வேலையில்லாத் திண்டாட்டத்தைப் போக்க ஒதுக்கிய பொதுப்பணி நிதியில் இருந்து 23.8 கோடி டாலரைக் கப்பல் கட்டத் திருப்பிவிட்டார். காரணம் எளிமையானது. ஒரு போர்க்கப்பல் கட்ட இரும்பு ஒரு மாநிலத்தில் இருந்து வரும், மின்மோட்டார் இன்னொரு மாநிலத்தில் இருந்து, மரமும் துணியும் வேறெங்கிருந்தோ. செலவில் பெரும்பகுதி தொழிலாளர் சம்பளமாகப் போகும். கடற்படைக்குக் கப்பல், ஊருக்கு வேலை. அந்தப் பணத்தில் உருவானவைதான் யார்க்டவுன், என்டர்பிரைஸ் என்ற இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள்.

வின்சன் இதைச் சட்டமாகவே ஆக்கினார். 1934-ல் வந்த வின்சன்-டிராமெல் சட்டம், ஒப்பந்த வரம்பு வரைக்கும் கடற்படையை வளர்க்க அனுமதி கொடுத்தது. அதில் பலர் கவனிக்காத இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, கட்டும் கப்பல்களில் ஒன்றுவிட்டு ஒன்று அரசின் சொந்தக் கப்பல் தளங்களில் கட்டப்பட வேண்டும். இரண்டு, தனியார் நிறுவனங்களின் லாபம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆயுதம் விற்பவர்கள் கொள்ளை லாபம் அடிப்பார்கள் என்று அன்று மக்களுக்கு இருந்த கோபத்துக்கு இந்த விதிகள் பதிலாக இருந்தன.

கவனித்தீர்களா? பாதுகாப்புச் செலவு வேலைவாய்ப்புத் திட்டமாகவும் மாறும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதற்குக் கடிவாளம் வேண்டும் என்பதும் தெரியும். வாழ்நாள் முழுக்க இந்த இரண்டையும் ஒரே கையில்தான் பிடித்திருந்தார்.

1938-ல் இன்னொரு சட்டம், கடற்படையை 20 சதவீதம் பெரிதாக்கியது. 1940 ஜூனில் பாரிஸ் ஹிட்லரிடம் வீழ்ந்தது. அடுத்த மாதமே அட்லான்டிக், பசிபிக் இரண்டு கடல்களுக்கும் தனித்தனிக் கடற்படை என்ற கணக்கில் 855 கோடி டாலர் சட்டம் வந்தது. கடற்படை ஒரே அடியில் 70 சதவீதம் விரிந்தது. பிரதிநிதிகள் சபையில் எதிர்த்து ஒரு ஓட்டுகூட விழவில்லை.

பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்தது 1941 டிசம்பரில். ஆறே மாதத்தில், 1942 ஜூனில், மிட்வே போர். ஜப்பானின் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை மூழ்கடித்தவை மூன்று அமெரிக்கக் கப்பல்கள்: யார்க்டவுன், என்டர்பிரைஸ், ஹார்னெட். முதல் இரண்டும் 1933-ன் பொதுப்பணி நிதியில் வந்தவை. மூன்றாவது 1938 சட்டத்தில் வந்தது. தாக்குதல் நடந்த பிறகு கட்ட ஆரம்பித்திருந்தால் மூன்றுமே அங்கே இருந்திருக்காது. வின்சனைக் கடற்படை இன்றுவரை கொண்டாடுவதற்கு இதுதான் காரணம். அது நியாயமான காரணமும்கூட.

வெல்ஸ்டன் என்ற ஊர் காணாமல் போன கதை

இப்போது வாஷிங்டனை விட்டு ஜார்ஜியாவுக்குத் திரும்புவோம்.

வின்சனின் தொகுதியில் பெரிய நகரம் மேக்கன். அங்கிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் வெல்ஸ்டன் என்று ஒரு ரயில் நிறுத்தம். சுற்றிலும் பண்ணை நிலம், ஒரு கை விரலால் எண்ணிவிடக்கூடிய வீடுகள். 1941-ல் ராணுவ விமானப் பிரிவு தென்கிழக்குப் பகுதியில் ஒரு பெரிய பழுதுபார்க்கும் கிடங்குக்கு இடம் தேடிக்கொண்டிருந்தது. மேக்கன் நகரப் பிரமுகர்கள் சும்மா இருக்கவில்லை. உள்ளூர்ப் பணத்தில் 3,000 ஏக்கருக்கும் மேல் நிலம் வாங்கி அரசாங்கத்துக்கு இலவசமாகக் கொடுக்க முன்வந்தார்கள். வாஷிங்டனில் அவர்களுக்காகப் பேச வின்சன் இருந்தார். கிடங்கு வெல்ஸ்டனுக்கே வந்தது.

அடுத்து ஊர்ப் பெயர். அந்தக் காலத்தில் ராணுவக் கிடங்குக்குப் பக்கத்து ஊரின் பெயரைத்தான் வைப்பார்கள். ஆனால் விமானப் பிரிவு அதிகாரிகளுக்கு, தங்கள் மூத்த தளபதி அகஸ்டீன் வார்னர் ராபின்ஸின் பெயரை வைக்க ஆசை. வழி? ஊரின் பெயரையே மாற்றிவிட்டார்கள். 1942-ல் வெல்ஸ்டன், வார்னர் ராபின்ஸ் ஆனது. தளத்துக்காக ஊர் தன் பெயரையே கொடுத்துவிட்டது.

போரின் உச்சத்தில் அங்கே 20,000-க்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். பருத்திக் காட்டில் கூலிக்கு நின்றவர்கள் விமான இன்ஜின் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டார்கள். பெண்கள் மாதச் சம்பளம் வாங்கினார்கள். மேக்கனில் கடற்படைக்கான வெடிபொருள் ஆலையும் வந்தது. கடலே இல்லாத ஊரில் கடற்படை ஆலை!

ஆனால் போர் முடிந்ததும் என்ன ஆனது? 20,000 பேர் வேலை செய்த இடத்தில் சில ஆயிரம் பேர்தான் மிஞ்சினார்கள். வாடகைக்குக் கட்டிய வீடுகள் காலி. கடைக்காரர்களுக்கு வியாபாரம் இல்லை. ஒரே முதலாளியை நம்பிய ஊர் எப்படிப் படுத்துவிடும் என்பதை வார்னர் ராபின்ஸ் பிறந்து ஐந்து வருஷத்துக்குள்ளேயே பார்த்துவிட்டது. 1950-ல் கொரியப் போர் வந்த பிறகுதான் தளம் மறுபடி நிமிர்ந்தது.

இங்கே ஒரு கசப்பான உண்மை இருக்கிறது. எங்கோ ஒரு போர் தொடங்கினால் இந்த ஊருக்கு நல்ல காலம். சமாதானம் வந்தால் பயம். அந்த ஊர்க்காரர்கள் கெட்டவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்கள் கேட்டது வேலையைத்தான், போரை இல்லை. ஆனால் இரண்டும் ஒரே உறையில் வந்தன.

இன்னொரு சிக்கலும் இருந்தது. தளம் இருப்பது மத்திய அரசின் நிலம். அதற்குச் சொத்து வரி கிடையாது. ஆனால் தளத்தில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் படிப்பது உள்ளூர்ப் பள்ளியில், அமெரிக்காவில் அந்தப் பள்ளிகள் நடப்பதோ பெருமளவு சொத்து வரியில். கூட்டம் ஏறுகிறது, வரி ஏறவில்லை. இப்படிப்பட்ட ஊர்கள் நாடு முழுக்க இருந்ததால் 1950-ல் ஒரு சட்டமே போட்டு, பாதிக்கப்பட்ட பள்ளி மாவட்டங்களுக்கு மத்திய அரசு நேரடியாக உதவித்தொகை தர ஆரம்பித்தது. விளைவு? ஊரின் சம்பளம் மட்டுமல்ல, பள்ளிக்கூடமும் வாஷிங்டனைப் பார்த்து நிற்க ஆரம்பித்தது.

மற்ற எம்.பி.க்கள் ஏன் அவர் பேச்சைக் கேட்டார்கள்?

வின்சன் பார்க்க ஆடம்பரமான ஆள் இல்லை. மூக்கு நுனியில் கண்ணாடி, வாயில் மலிவான சுருட்டு, கசங்கிய கோட்டு. சக உறுப்பினர்கள் அவரை கார்ல் மாமா என்று கூப்பிடுவார்கள். தந்திரக்காரர் என்பதால் சதுப்புநில நரி என்றும் பட்டப்பெயர் உண்டு. அவருடைய குழுவில் புது உறுப்பினர்கள் வாயைத் திறக்க வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஏன் காத்திருந்தார்கள்? அவரிடம் கொடுப்பதற்கு நிறைய இருந்தது. 1937-ல் டெக்சாஸில் இருந்து ஒரு இளம் எம்.பி. அந்தக் குழுவுக்கு வந்தார். பெயர் லிண்டன் ஜான்சன், பின்னாளில் ஜனாதிபதி ஆனவர். சில வருஷத்தில் டெக்சாஸின் கார்பஸ் கிறிஸ்டி என்ற ஊரில் பெரிய கடற்படை விமானத் தளம் வந்தது. கட்டும் ஒப்பந்தம் பிரவுன் அண்ட் ரூட் நிறுவனத்துக்குப் போனது. ஜான்சனின் தேர்தல்களுக்குப் பணம் கொடுத்த முக்கியமான நிறுவனம் அதுதான்.

பாதுகாப்புச் செலவின் சுற்று இதுதான். தளம் தொகுதிக்கு வருகிறது. ஒப்பந்ததாரர் வளர்கிறார். அவர் தேர்தலுக்கு உதவுகிறார். எம்.பி. மறுபடி ஜெயிக்கிறார், சீனியாரிட்டி கூடுகிறது. அடுத்த தளத்தைக் கேட்கும் பலம் வருகிறது. இதில் ஒவ்வொரு படியும் சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தத் தளம் அங்கே உண்மையிலேயே தேவையா என்ற கேள்வியை நடுவில் யாரும் கேட்பதில்லை.

1947-ல் தரைப்படைக் குழுவும் கடற்படைக் குழுவும் ஒன்றாகி, ஆயுதப்படைகள் குழு உருவானது. 1949-ல் வின்சன் அதற்கும் தலைவர் ஆனார். 1951-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி 25,000 டாலருக்கு மேல் எந்த நிலம், கட்டடப் பரிமாற்றம் செய்வதென்றாலும் ராணுவம் முதலில் இந்தக் குழுக்களின் சம்மதத்தைப் பெற வேண்டும். இதைவிடச் சின்ன வரம்போடு முதலில் வந்த மசோதாவை ஜனாதிபதி ட்ரூமன் நிராகரித்திருந்தார். ஆனாலும் வின்சன் விடவில்லை.

இதை நீங்கள் இரண்டு விதமாகவும் படிக்கலாம். மக்கள் பணத்துக்கு மக்கள் பிரதிநிதி கணக்குக் கேட்கிறார் என்றும் சொல்லலாம். எந்த ஊரில் தளம் வேண்டும், எந்த ஊரில் வேண்டாம் என்ற சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார் என்றும் சொல்லலாம். இரண்டுமே உண்மை.

ஜார்ஜியாவில் இன்னொரு தளம் வைத்தால் மாநிலமே பாரம் தாங்காமல் மூழ்கிவிடும் என்று ராணுவ வட்டாரத்தில் ஒரு கிண்டல் உண்டு. செனட்டில் ஆயுதப்படைகள் குழுவின் தலைவராக இருந்த ரிச்சர்ட் ரஸ்ஸலும் ஜார்ஜியாக்காரர்தான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கிண்டலின் அர்த்தம் விளங்கும்.

யாருக்குக் கப்பல், யாருக்கு ஓட்டு?

முன்பு மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன விஷயத்துக்கு வருவோம்.

வின்சன் கட்டிய கடற்படையில் 1942 வரை கறுப்பின இளைஞர் ஒருவர் சேர்ந்தால் அவருக்குக் கிடைத்தது சமையலறை, பரிமாறும் வேலை மட்டும்தான். பாதுகாப்பு ஆலைகளில் வேலை கேட்டு கறுப்பினத் தொழிலாளர்கள் வாஷிங்டன் நோக்கிப் பேரணி நடத்தப் போவதாக அறிவித்த பிறகுதான், 1941-ல் ரூஸ்வெல்ட் அந்த ஆலைகளில் இனப் பாகுபாடு கூடாது என்று உத்தரவு போட்டார். ராணுவத்தில் இனப் பிரிவினையை ஒழிக்க ட்ரூமன் உத்தரவிட்டது 1948-ல்.

வின்சன் எந்தப் பக்கம் நின்றார்? பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954-ல் தீர்ப்புச் சொன்னபோது, அதை எதிர்த்துத் தென்மாநில உறுப்பினர்கள் 1956-ல் வெளியிட்ட அறிக்கையில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. 1964 குடிமை உரிமைகள் சட்டத்தையும் எதிர்த்து ஓட்டுப் போட்டார். கப்பல் விஷயத்தில் இருபது வருஷம் முன்னால் யோசித்தவர், தன் சொந்த ஊர் மனிதர்கள் விஷயத்தில் காலத்துக்குப் பின்னால் நின்றார்.

இதில் ஒரு முரண் உண்டு. தென்மாநிலங்களுக்கு அவரும் அவர் சகாக்களும் கொண்டுவந்த தளங்கள் மத்திய அரசின் இடங்கள். மாநிலச் சட்டத்தைவிட மத்திய உத்தரவு முதலில் எட்டிய இடங்களும் அவைதான். ஊருக்குள் தனித்தனிக் கதவு இருந்த காலத்தில், ட்ரூமனின் உத்தரவுக்குப் பிறகு, தளத்தின் வேலிக்குள் மெதுவாக ஒரே கதவு வர ஆரம்பித்தது. வின்சன் கொண்டுவந்த பணம், வின்சன் காப்பாற்ற நினைத்த ஏற்பாட்டையே அரித்தது.

1964-ல் உச்ச நீதிமன்றம் இன்னொரு அடி கொடுத்தது. ஜார்ஜியாவில் அட்லான்டா அடங்கிய தொகுதியில் 8 லட்சத்துக்கும் மேல் மக்கள், அதே மாநிலத்தின் இன்னொரு தொகுதியில் 3 லட்சத்துக்கும் குறைவு. இரண்டுக்கும் ஒரே ஒரு எம்.பி. இது செல்லாது, தொகுதிகள் மக்கள்தொகையில் சமமாக இருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. கிராமப்புறத் தென்மாநில எம்.பி.க்களின் பலம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

ரோஜாத் தோட்டத்தில் ஒரு நடை

வின்சனின் அதிகாரத்துக்கும் ஒரு எல்லை இருந்தது. 1962-ல் அது வெளியே தெரிந்தது. விமானப்படைக்கு பி-70 என்ற அதிவேகக் குண்டுவீச்சு விமானம் வேண்டும். ஏவுகணைகள் வந்துவிட்ட காலத்தில் அவ்வளவு விலை கொடுத்து அது எதற்கு என்று கேட்டார் பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா. ஆனால் அதன் பாகங்களைச் செய்யும் வேலை பல மாநிலங்களுக்குப் பிரிந்து கிடந்தது. அத்தனை மாநில எம்.பி.க்களுக்கும் அதில் அக்கறை.

வின்சனின் குழு 49.1 கோடி டாலரை அந்த விமானத்துக்குச் செலவழித்தே ஆக வேண்டும் என்று நிர்வாகத்துக்கு உத்தரவிடும் வாசகத்தோடு மசோதா எழுதியது. நாடாளுமன்றம் கொடுத்த பணத்தை ஜனாதிபதி செலவழிக்க மறுக்கலாமா என்பது பெரிய அரசியல்சாசனக் கேள்வி. நேரடி மோதல் வரும் என்று எல்லோரும் காத்திருந்தபோது, ஜனாதிபதி கென்னடி 78 வயது வின்சனை வெள்ளை மாளிகை ரோஜாத் தோட்டத்தில் நடக்க அழைத்தார். நடை முடிந்தபோது உத்தரவு என்ற சொல் அனுமதி என்று மாறியிருந்தது. திட்டத்தை மறுபடி பரிசீலிப்பதாக நிர்வாகம் வாக்குக் கொடுத்தது. கடைசியில் அந்த விமானம் பறந்தது சோதனைக்காக இரண்டே இரண்டுதான்.

ஒரு வருஷம் முன்பு, 1961 ஜனவரியில், பதவி விலகும் உரையில் ஜனாதிபதி ஐசன்ஹோவர் ராணுவமும் ஆயுதத் தொழிலும் சேர்ந்து அரசாங்கத்தின் மேல் செல்வாக்கு செலுத்துவது பற்றி எச்சரித்திருந்தார். அவர் சொன்னது வெறும் கொள்கைப் பேச்சு இல்லை என்பது பி-70 விவகாரத்தில் தெரிந்தது.

அவருக்குப் பிறகு

1965 ஜனவரியில் வின்சன் ஓய்வு பெற்று மில்லெட்ஜ்வில் பண்ணைக்குத் திரும்பினார். மனைவி 1949-லேயே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. 1980 மார்ச்சில், 96 வயதில், தன் பெயர் தாங்கிய கப்பல் தண்ணீரில் இறங்குவதை நேரில் பார்த்தார். 1981 ஜூன் 1-ல் காலமானார்.

அவருக்கு அடுத்துக் குழுத் தலைவரானவர் மெண்டல் ரிவர்ஸ், தெற்கு கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகர எம்.பி. வின்சனிடம் கற்ற பாடத்தை அவர் பல மடங்கு செய்தார். சார்ல்ஸ்டனில் கப்பல் தளம், நீர்மூழ்கித் தளம், விமானத் தளம் என்று குவிந்தன. 1970-ல் ரிவர்ஸ் இறந்தார். பனிப்போர் முடிந்ததும் 1993-ல் சார்ல்ஸ்டன் கடற்படைத் தளத்தை மூட முடிவானது. 1996-ல் அது மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தளத்தை நம்பியிருந்த குடும்பங்கள் வேறு வேலை தேட வேண்டிவந்தது.

எம்.பி.க்கள் தங்கள் ஊர்த் தளத்தை மூட ஒருபோதும் சம்மதிக்க மாட்டார்கள் என்பதால்தான் அந்த முடிவை எடுக்கவே ஒரு தனி ஆணையம் தேவைப்பட்டது. 1988-ல் தொடங்கிய அந்த முறைப்படி, மூட வேண்டிய தளங்களின் பட்டியலை ஆணையம் தயாரிக்கும். நாடாளுமன்றம் முழுப் பட்டியலையும் ஏற்கலாம் அல்லது முழுவதையும் நிராகரிக்கலாம். ஒரு ஊரை மட்டும் உருவ முடியாது. யோசித்துப் பாருங்கள்: எம்.பி.க்கள் தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொள்ளச் சட்டம் போட்டுக்கொண்டார்கள்.

வார்னர் ராபின்ஸ் அந்த ஐந்து சுற்றுகளிலும் தப்பித்தது. 1995-ல் அதே மாதிரியான ஐந்து விமானக் கிடங்குகளில் டெக்சாஸ், கலிபோர்னியாவில் இருந்த இரண்டை மூட முடிவானது. ராபின்ஸ் பிழைத்தது. ஒருகாலத்தில் ரயில் நிறுத்தமாக இருந்த அந்த ஊரில் இன்று சுமார் 80,000 பேர் வாழ்கிறார்கள். தளத்தில் 20,000-க்கும் மேற்பட்டோர் வேலை செய்கிறார்கள்.

இதில் இருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது

வின்சனை நல்லவர், கெட்டவர் என்று ஒரு பெட்டிக்குள் அடைப்பது சுலபம். அது உதவாது. மிட்வேயில் அந்த மூன்று கப்பல்கள் இருந்ததற்கு அவரும் ஒரு காரணம். தேவையா என்று கேட்காமல் தளங்கள் ஓட்டுக் கணக்கில் முளைத்ததற்கும் அவர் ஒரு காரணம். ஒரே மனிதர், ஒரே முறை.

பாதுகாப்புச் செலவு பட்ஜெட் காகிதத்தில் இருக்கும்வரை அது ஒரு எண். அதைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒரு ஊருக்குள் சம்பளமாக இறங்கிவிட்டால் அது வாடகையாகிறது, பள்ளிக் கட்டணமாகிறது, வீட்டுக் கடனாகிறது. அதற்குப் பிறகு அதை வெட்டச் சொல்ல எந்த எம்.பி.க்கும் தைரியம் வராது. வரவும் கூடாது என்று அந்த ஊர் நினைப்பதில் தப்பும் இல்லை.

அதனால் கேள்வியை முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். ஒரு ஊருக்குப் பாதுகாப்பு ஆலையோ தளமோ வருகிறது என்ற செய்தியை அடுத்தமுறை படிக்கும்போது மூன்றைக் கேட்டுப் பாருங்கள். இது ஏன் இங்கே வருகிறது? வரும் வேலை யாருக்கெல்லாம் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது? இது ஒருநாள் போய்விட்டால் இந்த ஊரிடம் வேறு என்ன இருக்கும்?

வெல்ஸ்டனில் 1941-ல் மூன்றாவது கேள்வியைக் கேட்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது. ஐந்து வருஷத்தில், காலியான வாடகை வீடுகளே அதைக் கேட்டன.